அவள் கோடும் என் கோடும்

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிடித்திருந்தது. பிடிக்காத ஒருத்தி என்னைவிட நன்றாக வேலை செய்திருந்தால் கொஞ்ச நாள் எரிச்சலோடு போயிருக்கும். பிடித்தவளாகப் போய்விட்டதால்தான் இத்தனை வயிற்றெரிச்சல்.

எங்கள் கம்பெனி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில், முன்பு பஞ்சாலையாக இருந்த கட்டடம் ஒன்றில் நடக்கிறது. முதலாளி ராஜபாளையத்துக்காரர், நூல் மில் நடத்திய குடும்பம். நூலில் வருமானம் இறங்கியதும் சோலார் பேனல்களை வாங்கி விற்க ஆரம்பித்தார். பிறகு, பேனலுக்குள் இருக்கும் செல்லை நாமே செய்தால் என்ன என்று ஆசை வந்து, மில்லின் ஒரு மூலையைத் தடுத்து ஏசி போட்டு ஒரு லேப் வைத்தார். அந்த லேபில் முதன்முதலாகச் சேர்ந்தவள் நான். நான் போனபோது அங்கே இருந்தது ஒரு மேசையும் முதலாளியின் நம்பிக்கையும்தான். மெஷின்கள் ஒவ்வொன்றாக வந்தபோது எது எங்கே நிற்க வேண்டும் என்று இடம் காட்டியவள் நான். அதனால் அந்த லேப் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கொடுக்கிறவருக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வேலையைச் சொல்வது எளிது. சிலிக்கான் தகடுகள் வெளியிலிருந்து நீல நிறத்தில் வந்து இறங்கும். அப்பளம் மாதிரி மெலிதாக இருக்கும், அப்பளம் மாதிரியே உடையும். அந்தத் தகட்டின்மேல் வெள்ளிப் பசையால் கோடுகள் அச்சடித்து, சூளைக்குள் விட்டு எடுத்தால் அதுதான் செல். மொட்டைமாடிப் பேனல்களில் நீங்கள் பார்க்கிற மெல்லிய வெள்ளைக் கோடுகள் அவைதான். வெயில் பட்டதும் தகட்டுக்குள் உண்டாகிற மின்சாரத்தை அள்ளிக்கொண்டு வருவது அந்தக் கோடுகள். ஆனால் கோடு விழுந்த இடத்தில் வெயில் விழாது. தடிமனாகப் போட்டால் நிழல் அதிகம், வெள்ளியும் வீண். மெலிதாகப் போட்டால் மின்சாரம் திணறும், அச்சடிக்கும்போதே கோடு அறுந்தும் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடம் இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நான் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். என் கோடு தலைமுடி கனம்தான் இருக்கும். எல்லாக் கோடுகளும் வந்து சேர்கிற நடுப்பட்டையை நெருங்கும்போது கொஞ்சம் தடித்து, ஓரத்துக்குப் போகப் போக மெலிந்துவிடும். மெலிந்த கோட்டில் மின்சாரம் தாராளமாக ஓட வேண்டுமென்றால் கோட்டுக்கு உயரம் வேண்டும். அதற்காக ஒருமுறை அச்சடித்து உலரவிட்டு, அதே கோட்டின்மேல் இம்மி பிசகாமல் இன்னொரு முறை அச்சடிப்பேன். சரியாக அமைந்த நாளில் அந்தச் செல்லுக்கு என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கும். மேலே விழுகிற வெயிலில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்பதைத்தான் எபிஷியன்சி என்கிறோம். எங்கள் லேபில் அதுவரை வந்த எபிஷியன்சியிலேயே உயர்ந்தது என் செல் ஒன்றுக்குத்தான். சரியாக அமையாத நாட்களைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை.

இப்படி நான் நிம்மதியாக இருந்த காலத்தில்தான் அவள் வந்தாள். ராஜபாளையத்துப் பெண். அவர்கள் வீட்டில் பாண்டேஜ் துணி நெய்கிற தறிகள் ஓடுகின்றன. கோயம்புத்தூரில் படித்துவிட்டு, அங்கேயே கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். முதல் நாளே அக்கா என்றாள். மேடம் என்று கூப்பிடச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் அது பழகிவிட்டது. பசையை எப்படிக் கலக்குவது, கோடு அச்சடிக்கிற வலையான ஸ்கிரீனை எப்படிக் கழுவுவது என்று எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை சொன்னால் போதும் அவளுக்கு. மறுபடி கேட்டிருந்தால் நான் கொஞ்சம் சலித்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சுகத்தைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

முதலாளி வீட்டிலும் தெலுங்கு பேசுவார்கள், அவள் வீட்டிலும் தெலுங்குதான். லேபுக்கு வந்தால் அவர் அவளிடம் நாலு வார்த்தை தெலுங்கில் பேசுவார், அவள் சிரிப்பாள். அது என்னைப் பற்றிய பேச்சுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒருநாள் அவர் அவளுடைய செல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'பாகுந்தி' என்றார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ராஜபாளையத்து அம்மா ஒருவரிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். நல்லா இருக்கு என்று அர்த்தமாம். ஐந்து வருஷத்தில் என் செல்லைப் பார்த்து அவர் எந்த மொழியிலும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் போட்ட கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் அழகு ஒன்றும் இல்லை. என் கோட்டைவிடத் தடிமன். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகளை, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி வைத்திருந்தாள். ஒரு கோடு எங்கேயாவது அறுந்தால் அங்கே ஓடிய மின்சாரம் குறுக்குக் கோட்டில் ஏறிப் பக்கத்துக் கோட்டுக்குப் போய்விடும். ஒரே தடவை அச்சடித்தால் போதும். ஸ்கிரீன் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், வீட்டில் நெய்கிற பாண்டேஜ் துணியைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த யோசனை வந்திருக்கும் என்று வியந்தார்கள். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. கம்ப்யூட்டரில் பலவிதமாக வரைந்து பார்த்ததில் இது வந்தது, அவ்வளவுதான் என்றாள். ஆனாலும் ஆட்கள் விடவில்லை. எங்கள் வீட்டில் தறி இல்லாதது என் தப்பா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி ஒரு செய்தி சொன்னார். மில்லின் பின்பக்கத்தில் உற்பத்தி லைன் போடப் போகிறார். மெஷினுக்குச் சொல்லியாயிற்று. எங்கள் இருவரில் ஒருவருடைய டிசைன்தான் அதில் ஓடும். யாருடைய கோடு ஓடுகிறதோ அவர்தான் லைனுக்குத் தலைமை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் ஒரு கூட்டம் போட்டு அளவுகளைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்.

அந்தத் தலைமை எனக்கு வேண்டியிருந்தது. பதவிக்காக மட்டுமில்லை. ஐந்து வருஷமாக ஒவ்வொன்றாக, கையால், நான் அச்சடித்த கோடு ஆயிரக்கணக்கில் அச்சாகி, ஊரெல்லாம் மொட்டைமாடியில் வெயிலில் கிடக்க வேண்டும் என்று ஆசை. பஸ்ஸில் போகும்போது ஏதோ ஒரு மாடியைக் காட்டி, அது என் கோடு என்று என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் தேரடிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, அந்தப் பிள்ளை இன்றைக்கு என்ன செய்தது என்பதுதான். டிவி சீரியல் பார்ப்பதை அவர் அந்த வருஷம் நிறுத்திவிட்டார்.

ஆயுத பூஜை எங்கள் கம்பெனியில் பெரிய விசேஷம். மில் நடந்த காலத்துப் பழக்கம் அப்படியே தொடர்கிறது. முதல் நாளே எல்லா மெஷினையும் துடைத்து வாழைக்கன்று கட்டிவிடுவார்கள். அச்சு மெஷின், சூளை, கம்ப்ரஸர், ஸ்பேனர், தராசு, வண்டி டயர் என்று எதையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். சின்னது என்று ஒன்றைக்கூட விடக் கூடாது என்பதில் முதலாளி கறார். லேபுக்குள் சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டு போகிற ஆள் வருஷா வருஷம் நான்தான். அந்த வருஷம் அவர் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இளம்பிள்ளை வைக்கட்டும் என்றார். நான் சிரித்த முகத்தோடு ஒதுங்கிப் போய், சூளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

எதில் பொட்டு வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. செல்லை அளக்கிற மெஷினுக்குள் வெயில் மாதிரியே வெளிச்சம் தருகிற ஒரு விளக்கு இருக்கிறது. அந்த விளக்கு சரியான அளவில் எரிகிறதா என்று பார்ப்பதற்கு ரெஃபரன்ஸ் செல் என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அளவுக்கு உலோகச் சட்டம், நடுவில் கண்ணாடிக்கு அடியில் கறுப்பாக ஒரு சின்னத் துண்டு. தினமும் காலையில் அதை விளக்கின் கீழே வைத்து, அது காட்ட வேண்டிய எண்ணைக் காட்டுகிறவரைக்கும் விளக்கைக் கூட்டிக் குறைப்போம். அதற்குப் பிறகுதான் மற்ற செல்களை அளப்போம். எங்களுக்கு அதுதான் தராசுப் படிக்கல். அதனால் நான் எப்போதும் அதன் பெட்டிமேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு, உள்ளே இருப்பதைத் தொடமாட்டேன். அதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம்தான். தட்டு அவள் கையில் இருக்கும்போது நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அவ்வளவு கெட்டிக்காரிக்கு அது தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் மெஷின்களை எல்லாம் ஈரத்துணியால் துடைத்தார்கள். அவள் கூட்டத்துக்காகப் புது ஸ்கிரீனில் ஒரு தொகுதி அச்சடித்தாள். காலையில் எனக்கு முன்பே வந்து விளக்கைச் சரிபார்த்து வைத்துவிடுவது அவள் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி உள்ளே போனபோது அளந்து முடித்திருந்தாள். திரையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். என் செல் வைத்திருந்த உயரத்தை அவளுடைய செல்களில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தன.

அவள் கையைப் பிசைந்துகொண்டு, "எனக்கே நம்ப முடியலக்கா" என்றாள். வாழ்த்துகள் என்றேன். முதலாளிக்கு அவள் போன் செய்யவில்லை. கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. நானாக இருந்தால் எண்ணைப் பார்த்த கையோடு அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியிருப்பேன்.

அடுத்து வந்த நாட்களில் என்னைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. அவளுடைய டிபன் பாக்ஸில் இருந்த புளிசாதம்கூட என்னுடையதைவிட நல்ல நிறமாகத் தெரிந்தது. தடிமனான கோடு, அதிலும் குறுக்குக் கோடு வேறு, அத்தனை நிழல் விழுகிற செல் எப்படி என் செல்லைத் தாண்டும் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏட்டி, அது ஜெயிச்சிருச்சுன்னா ஒத்துக்கிட்டுப் போ. ஒனக்கு வேகுதுன்னு கணக்கு மாறுமா?" என்றார். அன்று ராத்திரி அவருக்குத் தோசை கருகிப்போயிற்று. நான் வேண்டுமென்று செய்யவில்லை.

ஒரு மத்தியானம், அவள் சாப்பிடப் போயிருந்த நேரம், அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த என் பழைய செல்லை வெளியே எடுத்தேன். லேபின் உச்ச அளவைக் காட்டிய அதே செல். அதை ஏன் மறுபடி அளக்க நினைத்தேன் என்று கேட்டால் காரணம் ஒன்றும் இல்லை. தோற்றவர்கள் பழைய போட்டோவை எடுத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அப்படித்தான். விளக்கின் கீழே வைத்தேன். எண் வந்தது. முன்பு வந்ததைவிட அரைப் புள்ளிக்கும் மேலே வந்தது. அவளுடைய எல்லாச் செல்களையும் அது தாண்டியிருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் செல், என்னைக் கைவிடாத செல். அதைக் கையில் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்ளாத குறை. பிறகு மெதுவாகப் புத்தி வேலை செய்தது. அலமாரியில் கிடந்த செல் எப்படி வளரும்? கட்டிப்போட்டுத் தீனி வைத்தால் வளர்வதற்கு அது என்ன கன்றுக்குட்டியா? செல் வளரவில்லை என்றால் வெளிச்சம்தான் கூடியிருக்கிறது. வெளிச்சம் கூடியிருக்கிறது என்றால், அதைச் சரிபார்க்கிற ரெஃபரன்ஸ் செல் ஏதோ பொய் சொல்கிறது.

அதை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. சாய்த்தால், கண்ணாடியின் ஒரு மூலையில் இளமஞ்சளாக ஒரு படலம். ஈரத்துணியால் துடைத்தபோது பொட்டு போய்விட்டது, பூச்சு போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். அந்தப் படலம் வெளிச்சத்தை மறைத்ததால் ரெஃபரன்ஸ் செல் குறைவாகக் காட்டியிருக்கிறது. குறைவாகக் காட்டியதால் அவள் விளக்கைக் கூட்டியிருக்கிறாள். கூடின வெளிச்சத்தில் யாருடைய செல்லை வைத்தாலும் அது கெட்டிக்காரச் செல்தான்.

என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உடனே ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கலாம். அவளைக் கூப்பிட்டு, ஏட்டி, இங்கே பார் என்று காட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எடுத்தது எப்படி இருந்ததோ அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினேன். சாப்பிட்டு முடித்து வந்தவள், என்னக்கா முகம் இன்றைக்குத் தெளிவாக இருக்கிறது என்று கேட்டாள். கூட்டம் நடக்கிற நாள்வரைக்கும் அந்தத் தெளிவு என் முகத்தில் இருந்தது.

கூட்டம் என்றால் முதலாளியும் நாங்கள் இருவரும்தான். லேபிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவள் தன் எண்களைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயே திறக்கவில்லை. பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, அவர் மடியில் வைக்காத குறையாக நீட்டி, கண்ணாடியைச் சாய்த்துக் காட்டினேன். சந்தனம் என்ன செய்திருக்கிறது என்பதை ரொம்பப் பொறுமையாக, ரொம்ப வருத்தப்படுகிற குரலில் விளக்கினேன். அந்தக் குரலை நான் பஸ்ஸில் வரும்போதே பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் எழுந்து வந்து கண்ணாடியைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "நான்தான் சார் வச்சேன். கண்ணாடில வைக்கக் கூடாதுன்னு தெரியாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நல்லவேளை நீங்கள் பார்த்தீர்கள் அக்கா என்றாள். முதலாளிக்குத்தான் முகம் வாடிவிட்டது. எதையும் விடாதே என்று சொன்னவர் அவர். சாமி கும்பிட்டதில் தப்பு இல்லை, இனிமேல் அந்தச் சாமானை மட்டும் பூஜைக்கு முன்னால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் தன் கண் முன்னால் மறுபடி அளக்கச் சொன்னார்.

ஸ்பிரிட் தொட்டுக் கண்ணாடியை நானே துடைத்தேன். விளக்கைச் சரிசெய்தேன். முதலில் என் செல். பழைய உயரத்துக்கே வந்து நின்றது. பிறகு அவளுடையதில் சிறந்தது. அது என்னுடையதற்குக் கீழே, நல்ல இடைவெளிவிட்டுக் கீழே நின்றது. அந்த நிமிஷத்தில் கூட்டத்தை முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி எழுந்திருக்கவில்லை. மிச்சம் இருப்பதையும் போடுங்கள் என்றார். எந்த மிச்சம் என்று தெரியாததுபோல் நின்றேன். இருவருடையதும், அச்சடித்தது அத்தனையும் என்றார். சாயங்காலம்வரை அளந்தோம். அவளுடைய செல்கள் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி வந்தன. என்னுடையவை ஒன்று மேலே, ஒன்று நடுவில், ஒன்று எங்கேயோ கீழே. இரண்டாம் அச்சு முடியளவு விலகியது சில, கோடு அறுந்தது சில. சரியாக அமையாத நாட்கள் எல்லாம் அன்று மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டன.

பேனலில் செல்களைச் சங்கிலியாகக் கோத்துத்தான் வைப்போம். அதில் எது மிகவும் நோஞ்சானோ, அது விடுகிற அளவு மின்சாரம்தான் மற்றதிலும் ஓடும். இது எனக்குத் தெரியாததா? ஐந்து வருஷமாகத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரே ஒரு நல்ல செல் போதுமானதாக இருந்தது. முதலாளி அந்தச் செல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தங்கம்மா. ஆனா இந்த ஒன்ன வச்சு நான் என்ன பண்ண? பிரேம் போட்டு மாட்டவா?"

மில்லில் நூல் சுற்றிய ஒரு கோனில் பத்தடி மட்டும் பட்டு மாதிரி இருந்து, மிச்சம் முடிச்சும் தடிப்புமாக இருந்தால் எந்தத் தறிக்காரன் வாங்குவான் என்று கேட்டார். என் கோடு இரண்டு தடவை அச்சடிக்க வேண்டும், அதற்கு இன்னொரு மெஷின் வேண்டும், இருக்கிற ஆட்களுக்கு அது கைவராது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னார். எனக்கு ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது என்று நினைத்திருப்பார். லைனில் அவள் கோடு ஓடும், அவள்தான் தலைமை என்று முடித்தார்.

மறுநாள் அவள் எல்லோருக்கும் பால்கோவா கொண்டுவந்தாள். ராஜபாளையத்திலிருந்து கிளம்பி, கம்பெனியைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்வரை வண்டியில் வந்து, என் வீட்டுக்குப் போகிற தெருமுனையில் இருக்கிற கடையிலேயே வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாள். எங்கள் ஊர்ப் பால்கோவாவை எனக்கே நீட்டினாள். சர்க்கரை ஆகாது என்று சொல்ல வாய் திறந்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வாங்கித் தின்றேன். சூடாக இருந்தது, நன்றாகவும் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

மெஷின்கள் வந்து லைன் ஓடத் தொடங்கியது. நான் லேபில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். என் கோட்டைத் திருத்துகிறேன் என்று பேர்; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நடமாடுவதைப் பார்ப்பதுதான் வேலை. வேறு எங்காவது வேலை பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு இடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்த வாரம்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். லைனில் இறங்குகிற ஒவ்வொரு செல்லையும் சோதித்து, தேறுமா தேறாதா என்று சொல்கிற பொறுப்புக்கு ஆள் வேண்டும், "அந்தப் பிள்ள ஒங்களத்தாம்மா கேக்கு. வேற ஆள் வேண்டாங்குது" என்றார்.

நேராக லைனுக்குப் போனேன். அவள் அச்சு மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் இரக்கப்பட்டு எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுக்கிறாயா என்று கேட்பதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"என்னய எதுக்குக் கேட்ட?"

அவள் நிமிர்ந்தாள். கையில் ஒட்டியிருந்த பசையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மத்தவங்க எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னுட்டுப் போயிருதாங்க. அன்னைக்கு நம்பர் அம்புட்டுக் கூடுதலா வந்தப்ப எனக்கே கண்ண மறைச்சிருச்சு. இது எப்படி வரும்னு பாத்தது நீங்க ஒருத்தங்கதான்." கொஞ்சம் தயங்கினாள். பிறகு என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "ஒங்களுக்கு எம்மேல பொறாமைன்னு தெரியும்க்கா. அது இருக்கட்டும். லைனுக்கு நல்லது."

அடித்திருந்தால்கூட அவ்வளவு சூடு இருந்திருக்காது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கவில்லை. சேர்ந்த மாதத்திலேயே தெரிந்திருக்கும். அத்தனை நாளும் அது தெரிந்துதான் அக்கா என்றிருக்கிறாள், தெரிந்துதான் புளிசாதத்தில் பாதியை என் தட்டில் வைத்திருக்கிறாள். மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. லேபை முதலில் தொடங்கியவள் நான். அவள் இன்றுவரை எட்டாத உயரத்தில் என் செல் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அவளுக்கும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நிமிஷமாவது இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும்.

"ஒனக்கு எம்மேல வந்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் உடனே பதில் சொல்லிவிடவில்லை. நான் கேட்டதற்கு மரியாதை கொடுத்து, நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஸ்கிரீன்மேல் பசையைத் தேய்க்கிற ரப்பர் பட்டை ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. "இல்லையேக்கா," என்றாள். "எதுக்கு வரணும்?"

கேலியாகக் கேட்டிருந்தால் நானும் ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கையில் துணியோடு, நான் சொல்லப்போவதற்காகச் சற்று நேரம் காத்துக்கொண்டும் நின்றாள்.